மூன்று முறை வேண்டாம்

1

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, வி.ஆர். ஹெட்செட்ல ஒரு கேம் ஏத்தணும். ஆப் ஸ்டோர்ல கிடைக்காது. கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டுத்தான் ஏத்தணுமாம். வா."

அவள் கணவர் டவர் கிரேன் ஓட்டுபவர். எட்டு மாதத்துக்கு முன்பு கம்பி அறுந்து சுமை விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று இறங்கியவர் மறுபடி ஏறவில்லை. வரும் திங்கட்கிழமையும் ஏறாவிட்டால் அந்த இருக்கை வேறொருவருக்கு. இவருக்கு ஸ்டோர் ரூம். பழகிப் பார்க்கட்டும் என்று, கூட வேலை பார்த்தவர் தானே செய்த கிரேன் கேம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

2

முதல் தொடக்கம்: 'கேபிளைச் செருகியதும் திரையில் ரத்தச் சிவப்பில்—'

(அடித்துவிட்டேன். வந்தது சாம்பல் நிறத்தில் 'அனுமதி இல்லை' மட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: 'நண்பன் அனுப்பிய ஃபைலுக்குள் பதுங்கியிருந்தது ஒரு—'

(ஒன்றும் பதுங்கவில்லை. வாராவாரம் பத்திரிகைத் தொடரில் கொலை எழுதிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.)

3

நடந்தது இதுதான். மாப்பிள்ளை சோபாவில், ஹெட்செட் மாட்டியபடி. தங்கை லேப்டாப் முன்னால். நடுவில் நான், யாரும் கேபிளை மிதிக்காமல் காவல்.

"மறுபடி அனுமதி இல்லைங்குது. இது மூணாவது கேபிள்!"

"நம்ம வீட்டுக் கேபிள் எல்லாம் சார்ஜ் போடத்தான் லாயக்கு," என்றார் மாப்பிள்ளை.

"வெளி கேமை ஏத்த விடற அந்த டெவலப்பர் மோடு ஆன்ல இருக்குல்ல?" என்றாள் தங்கை.

"நீதானே போட்ட."

"அண்ணா, என்ன வேடிக்கை? கேமோட வந்த குறிப்பைப் படி."

படித்தேன். ஏழாவது வரி: கேபிள் செருகியதும் 'இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கவா?' என்று ஹெட்செட்டுக்குள் ஒரு கேள்வி வரும். மாட்டியிருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

"மாப்பிள்ளை, உள்ள ஏதாச்சும் கேட்டுதா?"

"கேட்டுது."

"எத்தனை தடவை?"

"மூணு."

"என்ன அழுத்தினீங்க?"

ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தார்.

"வேண்டாம்னு."

(பத்திரிகையில் என்றால் இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்துவிட்டு ஓடியிருப்பேன். தங்கை வீட்டில் ஓட இடமில்லை.)

அவள் கத்துவாள் என்று மனசுக்குள் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வீணாயிற்று. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் வேற கேபிள் தேடி அலமாரியைக் குடைஞ்சிருக்க மாட்டேன்ல?"

"அதைச் சொல்ல வெக்கம். கேபிள் கோளாறுன்னா யாருக்கும் வெக்கமில்ல பாரு."

கேபிள் முனையை அவர் கையில் வைத்தாள். "செருகறதும் நீங்க, அழுத்தறதும் நீங்க. நாங்க டீ போடப் போறோம்."

என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டீயோடு திரும்பியபோது கேம் ஏறியிருந்தது.

4

முடிவு அ: திங்கள் காலை அவர் ஏணியில்—

முடிவு ஆ: ஸ்டோர் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு, நிம்மதியாக—

நான் எழுதுவதை மாப்பிள்ளை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டார். "மச்சான், என் திங்கட்கிழமையை நீங்க எழுதாதீங்க."

இப்போது சனிக்கிழமை மத்தியானம். கேம் இன்னும் திறக்கப்படவில்லை. நீங்கள் படிக்கும்போது திங்கள் கடந்திருக்கும். எங்காவது டவர் கிரேன் சுற்றினால் நிமிர்ந்து பாருங்கள். கேபினில் இருப்பது யார் என்று கீழிருந்து தெரியாது. நீங்களே ஒருவரை உட்கார வையுங்கள்.