ஒரு சாக்குப் பந்து

ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்து வெளிநாட்டு மலை ஒன்றில் நடக்கப் போகிறார்கள் என்றதும் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. "பிள்ளைகளை நாங்க பாத்துக்கறோம், நீங்க எங்கயாவது போய்ட்டு வாங்க" என்று அவர்களின் கணவன்மாரான அண்ணனும் தம்பியும் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லி வைத்தார்கள். சொன்ன வாய் மூடுவதற்குள் இளையவள் டிக்கெட் போட்டுவிட்டாள்.

இளையவள் பல் டாக்டர். மூத்தவள் பிறந்தநாள் சாமான் கடை வைத்திருந்தாள். பலூன், காகிதத் தொப்பி, மெழுகுவத்தி எல்லாம் இருந்தாலும் மிட்டாய்தான் அங்கே அதிகம் விற்கும். "நீங்க விக்கறீங்க, நான் பிடுங்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்க்கா" என்று இளையவள் அடிக்கடி சொல்வாள்.

மூத்தவளுக்குக் கொடுத்துச் சிவந்த கை. கடைக்கு வரும் குழந்தை எதுவும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. மலையில் குழந்தைகள் இருப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு பெரிய மிட்டாய்ப் பொட்டலத்தை இளையவளுக்குத் தெரியாமல் ஸ்வெட்டருக்குள் சுருட்டிப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் மலைக் கிராமத்தில் காலை வைத்ததுமே பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கன்னம் வெயிலில் சிவந்து, மூக்கு ஒழுகி, அத்தனையும் அழகு. மூத்தவள் பையைத் திறந்தாள்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆளுக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று என்று கொடுத்தாள். அதற்குள் மேட்டிலிருந்து இன்னொரு கூட்டம் இறங்கியது. பெரிய பையன்கள் முண்டினார்கள், பொட்டலம் கிழிந்தது, மிட்டாய் சிதறியது. ஒருவன் முடியை ஒருத்தி பிடிக்க, அவள் சட்டையை இன்னொருவன் இழுக்க, நடுவில் ஒரு சின்னப் பெண் சேற்றில் குப்புற விழுந்து வீறிட்டாள். மிட்டாய்க் காகிதங்கள் காற்றில் பறந்து ஓடையில் மிதந்தன.

அவர்களோடு வந்த வழிகாட்டிப் பெண் ஒரு அதட்டல் போட்டதும் கூட்டம் கலைந்தது. மூத்தவள் விழுந்த குழந்தையைத் தூக்கி, தன் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு குனிந்து ஒவ்வொரு காகிதமாகப் பொறுக்கத் தொடங்கினாள். இளையவளும் கூடவே பொறுக்கினாள். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லித் தொலையேன்" என்றாள் மூத்தவள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொல்லாததுதான் காதுல வந்து குத்துது."

வழிகாட்டி ஓடைக்கரையில் உட்கார்ந்து காலணியை அவிழ்த்துச் சேற்றைத் தட்டினாள். உள்ளதை உள்ளபடி பேசுகிறவள். "இப்ப இதுங்கள்லாம் ஸ்கூல்ல இருக்க வேண்டிய நேரம் மேடம். நடக்கறவங்க வர்ற சீசன்ல பாதிப் பேரு இந்த வழியிலதான் நிப்பாங்க. வெளியூர்க்காரங்க பாஷையில என் பொண்ணு கத்துக்கிட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'குடு'."

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப, குடுக்கவே கூடாதுங்கறியா?"

"யாரு அப்படிச் சொன்னா? என்ன வேணும்னு கேட்டுட்டுக் குடுங்க. வாங்க, கேக்கறதுக்கு ஆள் இருக்கு."

பள்ளிக்கூடம் மேட்டுக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, ஒரு தகரக் கூரை, முன்னால் கல் பொறுக்கிச் சமமாக்கிய ஒரு மைதானம். டீச்சர் சின்ன வயசுக்காரி. சுண்ணாம்புத்தூள் படிந்த கையோடு வெளியே வந்தாள். வழிகாட்டி அவர்கள் மொழியில் விஷயத்தைச் சொன்னதும் கலகலவென்று சிரித்தாள். உள்ளே போய் ஒரு சாக்கை இழுத்து வந்து தரையில் கவிழ்த்தாள்.

பந்துகள். கால்பந்து, கைப்பந்து, கட்டம் போட்டது, நட்சத்திரம் போட்டது. ஒன்றில்கூடக் காற்று இல்லை. வெயிலில் காயப்போட்ட பழம்போல் எல்லாம் சுருங்கிக் கிடந்தன.

டீச்சர் சொல்லச் சொல்ல வழிகாட்டி எடுத்துச் சொன்னாள். "வர்றவங்க எல்லாருமே பந்து குடுக்கறாங்க. பிள்ளைங்களோட போட்டோ எடுத்துக்கறாங்க. பம்ப்பு மட்டும் ஒருத்தரும் கொண்டு வரல. பம்ப்போட நின்னு போட்டோ எடுத்தா நல்லா இருக்காதுன்னு நினைச்சாங்களோ என்னமோன்னு கேக்கறாங்க."

மூத்தவள் சிரித்தே விட்டாள். குழந்தை சேற்றில் விழுந்ததிலிருந்து அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அப்போதுதான் விட்டது. "சரி, டீச்சருக்கு என்ன வேணுமாம்?"

"ஒரு பம்ப்பு. அதுக்கு ஊசி, நிறைய. ஊசிதான் தொலைஞ்சு போகுமாம்."

பம்ப் கீழே சந்தை ஊரில் கிடைக்கும். ஆனால் அன்று காலைதான் அங்கிருந்து மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார்கள். மறுநாள் மேலே பனி ஏரிக்குப் போவதாகத் திட்டம். அந்த ஏரியின் படத்தை இளையவள் ஒரு வருஷமாகத் தன் கிளினிக் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். பல் பிடுங்கும்போது அதைப் பார்க்கச் சொல்லித்தான் வருகிறவர்களின் பயத்தையே போக்குவாள். மறுபடி இறங்கி ஏறினால் ஏரிக்கு நாள் மிஞ்சாது.

"நீங்க ரெண்டு பேரும் ஏரிக்குப் போங்க. நான் மட்டும் இறங்கிட்டு வரேன்" என்றாள் மூத்தவள்.

இளையவள் மேலே பனி மூடிய முகட்டை ஒரு தடவை பார்த்தாள். பெருமூச்சு ஒன்று விட்டாள். "உங்களைத் தனியா விட்டா பம்ப்புக்குப் பதிலா இன்னொரு மூட்டை மிட்டாய்தான் வரும். ஏரி எங்கயும் ஓடிடாதுக்கா. வாங்க."

மறுநாள் வழிகாட்டியோடு இறங்கினார்கள். சந்தை ஊரின் இரும்புக்கடைக்காரர், கயிறும் ஆணியும் மண்வெட்டியும் தொங்கிய கடைக்குள் புகுந்து தூசி தட்டி ஒரு பம்ப்பை எடுத்துக் கொடுத்தார். ஒரு கைப்பிடி ஊசியும், ஒட்டுப்போடப் பசையும் ரப்பர்த் துண்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஊரில்தான் போனில் சிக்னல் எடுத்தது. மூத்தவளின் கணவர் கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகள் எதையோ உடைக்கும் சத்தம் கேட்டது.

"ஏரி பாத்தாச்சா?"

"இல்லங்க. பந்துக்குக் காத்தடிக்கணும். அதுக்கு பம்ப்பு வாங்க வந்தோம்."

"அதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?"

திரும்பி ஏறும்போது மூத்தவளின் முழங்கால் படிக்குப் படி முனகியது. செங்குத்தான இடத்தில் இளையவள் பாறையில் சாய்ந்து நின்று கையை நீட்டினாள். "அந்தப் பொட்டலத்துல மிச்சம் ஏதாவது இருக்கா?"

"டாக்டரம்மாவுக்கா?"

"என் பல்லு. நான் பாத்துக்கறேன். குடுங்க."

மிச்சமிருந்த மிட்டாயை மூன்று பேருமாகத் தின்றுகொண்டே ஏறினார்கள். காகிதம் மூத்தவளின் பைக்குள் போயிற்று.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே வழிகாட்டி அவளை நிறுத்தினாள். "மேடம், டீச்சர் கையில குடுத்துடுங்க. நீங்க குடுத்ததுன்னு இருக்க வேணாம். ஸ்கூலோடதுன்னு இருக்கட்டும்."

மூத்தவளுக்கு உள்ளுக்குள் லேசாக வலித்தது. தன் கையால் நீட்டி அந்த முகங்கள் மலர்வதைப் பார்க்கத்தானே ஆசை. இருந்தாலும் தலையாட்டினாள். டீச்சரை அறைக்குள் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வந்து, மைதானத்துச் சுவர்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள்.

டீச்சர் பம்ப்பை நடுவில் வைத்தாள். பிள்ளைகள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து, உடம்பின் முழு பாரத்தையும் கைப்பிடியில் போட்டு அழுத்தினார்கள். உஸ், உஸ் என்று சத்தம். சுருங்கிக் கிடந்த முதல் பந்து ஒரு பக்கம் உப்பியது, அப்புறம் மறுபக்கம், அப்புறம் 'டப்' என்று உருண்டு திரண்டது. மைதானம் கூவிய கூவலில் தகரக் கூரை அதிர்ந்தது. மூத்தவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய் நிறையச் சிரித்தாள்.

அப்புறம் சும்மா உட்கார விட்டார்களா? டீச்சர் ஒரு கட்சி, வழிகாட்டி ஒரு கட்சி. இளையவள், சேலை கட்டியிருப்பவள் மாதிரி தயங்கித் தயங்கிக் காலை வைத்தவள், இரண்டாவது நிமிஷமே ஒரு வாண்டோடு பந்துக்கு மல்லுக்கு நின்றாள். மூத்தவளுக்கு முழங்கால் வலி என்பதால் கோல் காக்கச் சொன்னார்கள். வந்த பந்தையெல்லாம் விட்டாள். எதிர்க்கட்சி அவளைத் தங்கம்போல் பார்த்துக்கொண்டது.

"அக்கா, பிடிங்கக்கா! அதையாவது பிடிங்க!" என்று இளையவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"வரட்டும் விடு, பிள்ளைங்க ஆசையா அடிக்குதுங்க!"

"குடுக்கக் கூடாததையெல்லாம் குடுக்கறீங்களே!"

அடுத்த உதையில் பந்து சுவரைத் தாண்டிச் சரிவில் உருண்டது. பள்ளிக்கூடம் மொத்தமும் அதன் பின்னால் இறங்கி ஓடியது. மூத்தவளும் முழங்காலை மறந்து, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகுகிற பழக்கத்தில் ஸ்வெட்டரின் ஓரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்களோடு ஓடினாள்.