பச்சை படிந்த பாறை

2024 ஜூலை 9ஆம் திகதி, ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், பச்சைக் கறை படிந்த பாறையொன்று கைப்பேசியில் படம் பிடிக்கப்பட்டது.

படம் பிடித்தவன் ஆட்டோ ஓட்டும் ரஜீவ். மறுநாளே அத்தை மகள் ஜீவராணியை அவளுடைய சுத்தியலோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

அவள் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிப்பவள். எரிமலைக்கு அடியில் செம்பு ஊறிய பாறை, ஆழத்தில் புதைந்து, வெந்து, நசுங்கி வேறு பாறையாக மாறிய பிறகு அந்தச் செம்பு எங்கே போய் நிற்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. இந்த ஊவா மலைகளில் அப்படிப்பட்ட கல் இதுவரை ஒரு துண்டுகூடச் சிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் உள்ளே செம்பு இருக்கிற கல் வராவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டியதுதான் என்று பேராசிரியர் ஸனூஸ் சொல்லியிருந்தார்.

"நசுங்குன செம்பு என்னதான் ஆகும்?" வழியில் ரஜீவ் கேட்டான்.

"கோடு கோடா ஒதுங்கும் மச்சான். ரொட்டி மாவுல வெங்காயத்தப் போட்டுத் தேச்சா இழுபடும்ல, அப்படி."

"பசிக்குது. வேற உதாரணம் சொல்லு."

பாறையைக் கண்டதும் ஜீவராணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பச்சையும் நீலமுமாகச் செம்புக் கறையேதான். விளிம்பில் ஓங்கி அடித்தாள். கல்லின் உடைந்த முகம் வெள்ளையும் சாம்பலுமாக, துடைத்துவைத்ததுபோல் இருந்தது. இன்னொரு பக்கம் அடித்தாள். அங்கும் அதே கதை. பச்சை மேல்தோலில் மட்டும்தான்.

கறை வழிந்த தாரையைக் கண்ணால் பிடித்துக்கொண்டே மேலே போனாள். உச்சியில் ஒரு சீமெந்துத் தொட்டி. சுற்றிலும் நீலத் தூள். தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்து. மழைக்காலம் முழுக்க, மருந்தடித்துவிட்டு வரும் அப்பாவின் சட்டையில் இருந்த நீலப் புள்ளிகள் நினைவுக்கு வந்தன.

"மச்சான், இது மருந்து கலக்குற எடமா?"

"ஆமா. எப்பவும் இங்கதான்."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"நீதான பச்சையா இருந்தா படம் அனுப்புன்ன? தொட்டி இருந்தா அனுப்பாதன்னு சொன்னியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள்.

"சும்மா வெளிப்பக்கத்த மட்டும் படம் எடுத்து அனுப்பு ராணி. கொழும்புல ஒக்காந்துருக்கவருக்குத் தொட்டியா தெரியப்போகுது?"

"அவரு மொதல்ல கேக்குறதே உள்பக்கத்தத்தான்."

உடைந்த முகம் இரண்டையும், தொட்டியையும் படமெடுத்து அங்கிருந்தே அனுப்பினாள். பிறகு இருவரும் பெரகலைக்குப் போய் ரொட்டி சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆய்வுத் தலைப்பு மாற்றப்பட்டது.