விஜயதசமிப் போட்டி

டெஸ்க்டாப் திரையில் நகர வேண்டிய நீலக்கோடு நாற்பத்திரண்டு சதவீதத்தில் உட்கார்ந்துகொண்டது. உண்மையில் அது நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வைஷாலிக்கு, திருக்கழுக்குன்றம் மலைப்படியில் பாதி ஏறி மூச்சுவாங்கும் ஆளைப் பார்ப்பதுபோல எரிச்சலாக இருந்தது. கண்ணாடி அறைக்குள் ஏசி காற்றில் இருந்த போட்டிக் கணினி, அந்தப் பெரிய வொர்க்ஸ்டேஷன், எழுபதைத் தாண்டிவிட்டது.

“இன்னாம்மா, உன் குதிர பட்த்துக்கிச்சா?” என்றார் முதலாளி பாலசுப்ரமணியன், பொரியை மென்றுகொண்டே.

மாமல்லபுரம் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கடலோர விடுதிகளுக்குக் கட்டட வரைபடம் போட்டுத் தருவார்கள். எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணினியில் கணக்குப் பார்ப்பது வைஷாலியின் வேலை. பழைய கணினிகள் அந்தக் கணக்கைப் போட ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொண்டதால் புதிது வாங்க வேண்டியதாயிற்று. சீனியர் ஹரிகிருஷ்ணன் வொர்க்ஸ்டேஷன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். டீலரிடம் சொல்லி ஒரு வாரத்துக்கு இரவலாகவும் கொண்டுவந்துவிட்டார். அதை ஒன்றுதான் வாங்க முடியும். எல்லோரும் முறைபோட்டு உட்கார வேண்டும். மதியம் தொடங்கி இரவு ஒன்பது வரை உள்ள முறை வைஷாலிக்கு என்று இப்போதே முடிவாகியிருந்தது.

ஒன்பது மணிக்கு மேல் செங்கல்பட்டுக்கு எப்படிப் போவது, இரண்டு வயது ஸ்வாதியை அதுவரை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. கணவன் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்து சேரவே ஒன்பதாகிவிடும். பக்கத்து வீட்டு சந்திரம்மா ஆறரை வரை பார்த்துக்கொள்வதே பெரிய காரியம். அந்த முறை வந்தால் வேலையை விட வேண்டியதுதான். வைஷாலிக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவள் சொன்னது எளிய விஷயம். வொர்க்ஸ்டேஷனில் இரண்டு புராசசர் இருக்கிறது, சரி. ஆனால் இவர்களுடைய சாஃப்ட்வேருக்கு ஒன்றிடம் மட்டும்தான் வேலை வாங்கத் தெரியும். மற்றது கல்யாண வீட்டில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் மாமாவைப் போல சும்மாவே இருக்கும். டெஸ்க்டாப்பில் இருப்பது ஒன்றே ஒன்று, ஆனால் வேகமானது. வொர்க்ஸ்டேஷன் விலைக்கு ஆளுக்கொரு டெஸ்க்டாப் வாங்கலாம், அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். மாதிரிக்கு ஒன்றை வாங்கிவைத்து, போன வாரம் சின்னக் கணக்கு ஒன்றை ஓட்டியும் காட்டினாள். முதலாளி நம்பவில்லை. “நல்ல நாள்ல, என் கண்ணு முன்னாடி ரெண்டும் ஓடட்டும். எது ஜெயிக்குதோ அது” என்று விஜயதசமியைக் குறித்துவிட்டார்.

முதல் நாள் ஆயுதபூஜை. வொர்க்ஸ்டேஷனில் மானிட்டர் ஓரமாக ஒரு பொட்டுக் குங்குமம் வைக்கத்தான் ஹரிகிருஷ்ணன் விட்டார். “இரவல் பொருள்ங்க, கறை ஆச்சுன்னா டீலர் என்னைத்தான் கேப்பான்.” தன் டெஸ்க்டாப்புக்கு அப்படியொரு குறை வைக்க வைஷாலிக்கு மனம் வரவில்லை. பட்டை பட்டையாகச் சந்தனம் வைத்து, சரிகை போட்ட ரவிக்கைத் துணியைச் சுற்றிக் கட்டி, சாமந்தி மாலையும் போட்டாள். நீதான் என்னைக் காப்பாத்தணும் என்று மனதுக்குள் சொல்லியும் வைத்தாள்.

மறுபூஜைக்கு முதலாளியின் மனைவி முட்டுக்காட்டிலிருந்து வர வேண்டும். அவர் வர நேரமானது. நல்ல நேரம் தவறிவிடும் என்று, அலங்காரத்தோடேயே போட்டியைத் தொடங்கிவிட்டார்கள். சாமிக்கு வைத்ததை மறுபூஜைக்கு முன் எடுக்கக் கூடாதே.

இரண்டு மணி நேரத்தில் வொர்க்ஸ்டேஷன் முடித்துவிட்டது. டெஸ்க்டாப் அறுபதில் நின்றது. ஹரிகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. முதலாளியம்மா ஒருவழியாக வந்து, கற்பூரம் காட்டி முடித்ததும், வைஷாலி துணியை அவிழ்க்கப் போனாள். விரல் சுட்டது.

முடிச்சு பெட்டியின் பின்பக்கம் விழுந்திருந்தது, சூடான காற்று வெளியேறும் இடத்தில். துணியும் மாலையுமாகச் சேர்ந்து வழியை நன்றாக அடைத்திருந்தன. சூடு ஏறினால் இந்தப் புது புராசசர்கள் கருகிப்போகாமல் இருக்கத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். ஹரிகிருஷ்ணனுக்கு அதைப் பாடமாகவே ஒருநாள் எடுத்திருக்கிறாள். தலையைக் கொண்டுபோய் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“சார், தப்பு என்னோடது. காத்து போற வழிய நான்தான் அடைச்சுட்டேன். இன்னொரு வாட்டி ஓட்டிப் பாக்கலாம் சார்.”

“சாமிக்குக் கட்ன துணிமேல பழி போடாதம்மா.”

“துணிமேல இல்ல சார், என்மேலதான் போட்டுக்கறேன்.”

முதலாளி மனைவியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். “சரி, ஓட்டு. அஞ்சரைக்கு டீலருக்கு போன் பண்ணிடுவேன். அதுக்குள்ள முடிச்சா பேசலாம், இல்லன்னா வுட்டுடு. இதே பேஜாராப் போச்சு.”

சந்தனத்தைத் துடைத்து, மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை கோடு நிற்கவில்லை. ஐந்தடித்தபோது எழுபத்தெட்டு. ஐந்தே காலுக்கு செங்கல்பட்டு பஸ். அதை விட்டால் அடுத்தது ஆறரைக்கு, அதுவும் வந்தால்தான் உண்டு. சந்திரம்மா இன்று கொலு பார்க்கப் போகிறாள், சீக்கிரம் வரச்சொல்லி காலையிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

“நீங்க கிளம்புங்க வைஷாலி. நான் பாத்துச் சொல்லிடறேன்” என்றார் ஹரிகிருஷ்ணன். நல்ல மனதோடுதான் சொன்னாரோ என்னவோ. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று நிரூபிக்க, அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகாமல் நிற்க வேண்டியிருக்கிறது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. தொண்ணூற்று நான்கு. கீழே மருந்துக்கடை வாசலில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெட்டியின் பின்னால் கையை நீட்டினாள். சூடான காற்று தடையில்லாமல் வந்து உள்ளங்கையில் மோதியது. அதோடு எங்கோ உள்ளே சிக்கியிருந்த சாமந்தி இதழ் ஒன்று, வறுத்ததுபோலச் சுருண்டு, விரலிடுக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது.