சுண்டுவிரல் வளைந்த பெண்

பழைய படங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது சிவாஜினியின் தொழில். சிட்னியின் கிரவீனில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கல்யாணசுந்தரம் ஒரு ஜப்பானிய ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஓய்வு பெற்ற பொறியாளரான அவர் ஏலத்தில் எடுத்தது அது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் கப்பலில் யோகோஹாமா போன வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே வாங்கிய, கையால் வண்ணம் தீட்டிய ஐம்பது படங்கள். வரும் சனிக்கிழமை பிளாக்டவுனில் கண்காட்சி. ‘உள்ளபடியே ஜப்பான்’ என்று பதாகைக்கும் சொல்லியாயிற்று.

புதன்கிழமை காலை, புயலில் குடையோடு போராடும் பெண்ணின் படத்தைச் சிவாஜினி துடைத்துக்கொண்டிருந்தாள். கிமோனோவின் விளிம்பு பறந்தது. தலைமயிர் ஒன்றுகூடக் கலையவில்லை. பூதக்கண்ணாடியை வைத்தாள். விளிம்பை மெல்லிய நூல் ஒன்று மேலே இழுத்துப் பிடித்திருந்தது.

ஸ்டூடியோவுக்குள் எடுத்த படம். அவசரமாக அடுத்ததைப் பார்த்தாள். பனி என்று நினைத்தது பஞ்சு. அதில் குடை பிடித்த கையின் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அந்த விரலைப் புயல் படத்திலும் இப்போதுதான் பார்த்தாளே. பக்கங்களைப் புரட்டினாள். தேயிலை கிள்ளுகிறவளுக்கும் அதே விரல். மணப்பெண்ணுக்கும் அதே விரல்.

போனை எடுத்தாள்.

“அங்கிள், ஒருக்கா வரேலுமோ?”

“ஏம்மா, ஏதாவது கிழிஞ்சுபோச்சா?”

“இல்லை. நீங்கள் வாங்கோ, காட்டுறன்.”

வந்தவர் நூலைப் பார்த்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப எல்லாமே நடிப்பா? ஊர் முழுக்க அழைப்பு அனுப்பிட்டேனேம்மா.”

“வெள்ளைக்காரர் இப்பிடித்தான் பார்க்க ஆசைப்பட்டவை. அப்பிடியே எடுத்து வித்திருக்கினம். ஆனால் இந்த மனுசியின்ர கையைப் பாருங்கோ.”

அவர் பார்த்தார். அடுத்த படத்தையும் பார்த்தார்.

“தேயிலைக்காரியும் இவதானா?”

“ஓம். கலியாணப் பொம்பிளையும்.”

அவர் பூதக்கண்ணாடியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சற்று நேரத்தில், “இங்க இருக்கா, சிவாஜினி. துணி துவைக்கிறா பாரு” என்றார். இருவரும் மதியச் சாப்பாட்டை மறந்தார்கள். மாலைக்குள் பதினொரு படங்கள் சேர்ந்தன. முதுகு காட்டி நின்ற ஒன்றில் விரல் மட்டும்தான் சாட்சி.

“பதாகையை மாத்திடலாம். எல்லாரும் இவளைத்தான் பாக்கணும்” என்றார் அவர்.

சனிக்கிழமை பதினொன்றும் ஒரே சுவரில் தொங்கின. ‘ஒரு பெண், பதினொரு வேலை’ என்றது புதிய பதாகை. கூட்டம் அந்தச் சுவரைவிட்டு நகரவில்லை. ஆனால் விமலாதேவி என்ற நேர்ஸ் மட்டும் எதிர்ச் சுவரில், தாடி வைத்த கிழத் துறவியின் படத்தருகே நின்று சிவாஜினியைக் கூப்பிட்டாள்.

“நான் கையில ஒப்பரேசன் செய்த ஆக்களைப் பார்க்கிறனான். இந்தச் சாமியாற்ற சுண்டுவிரலைப் பாருங்கோ.”

சிவாஜினி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அங்கிள், இங்க ஓடி வாங்கோ.”

கல்யாணசுந்தரம் வந்து பார்த்தார். துறவியை ஆணியிலிருந்து கழற்றி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு கூட்டத்தின் நடுவே அந்தப் பதினொரு படங்களின் சுவருக்கு நடந்தார். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.