மண் இருந்தால் எழுதலாம்

காலை ஏழு மணியிலிருந்து சின்னமுத்து பாதைக்கும் பாத்திக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் வாங்கிய கடிதம். காணி தோட்டத்துடையது, பயிர் இவனுடையது என்று எழுதி சீல் குத்த நாலு நாள் அலையவிட்டிருந்தார்கள். வியர்வையில் நனைந்துவிடுமோ என்று வெளியே எடுப்பான். கையெல்லாம் மண். மறுபடி உள்ளே வைப்பான்.

"ஒரு எடத்துல நில்லுங்களேன். பாக்குற எனக்குத் தல சுத்துது." லீக்ஸ் நாற்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டே சொன்னாள் சிந்துஜா.

"வெள்ளிக்கிழமையோட நட்டஈட்டு லிஸ்ட்ட மூடுறாங்களாம்டி. இன்னிக்குத் திங்கக்கெழம."

பெருமழையில் மேல்மேடு சரிந்து, பறிக்க இரண்டே நாள் இருந்த போஞ்சி மொத்தமும் மண்ணுக்குள் போய் ஐந்து வாரம். அரசாங்கத்தின் நட்டஈடு வந்தால் விதை, உரம். வராவிட்டால் சின்னமுத்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போக வேண்டும். அந்தப் பேச்சை மட்டும் புருஷனும் பெண்சாதியும் எடுப்பதில்லை.

"மச்சான், அந்தக் கடுதாசி கிழியப்போகுது!" ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து நபீல் கத்தினான். அவனுடைய மரக்கறித் தோட்டம் சரிந்த மண்ணோடு அப்படியே கிடந்தது. நடுவில் வேன் அளவுக்கு ஒரு கல். அதன்மேல் குந்தியிருந்தான். "என்னப் பாரு, எனக்கு வந்த கல்லுல நானே ராசா மாதிரி ஈக்கிறன்."

ஒன்பதரைக்கு விவசாய உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நபீலிடம் பத்து நிமிடம். இரண்டு போட்டோ, ஒரு கையெழுத்து. பிறகு ஓடையைத் தாண்டினார்.

"வணக்கம் மாத்தியா" என்று சொல்வதற்கு முந்தியே சின்னமுத்து கடிதத்தை நீட்டினான். அவர் வாசித்தார்.

"கடிதம் சரி."

சின்னமுத்து சிந்துஜாவைப் பார்த்துச் சிரித்தான். அவர் தலையை நிமிர்த்தினார். கயிறு பிடித்து நட்ட வரிசைகள், பச்சைப் பசேலென்று.

"இங்க என்ன சேதம்? லீக்ஸ் நல்லாத்தானே இருக்கு."

"இது இப்ப வச்சது மாத்தியா. போஞ்சிதான் போச்சு. மண்ண நாங்கதான் அள்ளுனோம், பதினெட்டு நாளு." ஓடைக்கரைக்கு அவரை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனான். ஆள் உயரத்துக்குச் செம்மண் குவியல். முறிந்த போஞ்சிக் கம்புகள் அதிலிருந்து துருத்திக்கொண்டிருந்தன.

"ஏன் அள்ளினது?"

சின்னமுத்துவுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தால், யாரும் கூப்பிடுமுன் ஆளுக்கொரு மம்பட்டியோடு நிற்பார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டா?

"மேடையில வளந்த லீக்ஸ் நாத்து முத்திப்போகும்ல மாத்தியா," என்றாள் சிந்துஜா.

"மண் விழுந்த போட்டோ இருக்கா?"

அன்றைக்கு இருவர் கையிலும் மம்பட்டிதான் இருந்தது.

"எனக்குப் பாவமாத்தான் இருக்கு," அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா கண்ணால பாக்கிறததான் எழுத ஏலும். மண் இருந்தா எழுதலாம். இத போட்டோ எடுத்தா 'சேதம் இல்ல'ன்னு போயிரும்." போட்டோ எடுக்காமலே போனைப் பைக்குள் போட்டார். "வெள்ளி காலையில இந்தப் பக்கம் கடைசியா ஒருக்கா வருவேன்."

மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவுக்கு அப்பால் அடங்கியது. நபீல் கல்லைவிட்டு இறங்கி ஓடையைக் கடந்து வந்தான்.

"மண் அள்ள இன்னொரு கூடை ஈக்கிதா மச்சான்?"

சின்னமுத்து குவியலுக்குப் போய் ஒரு கூடை மண்ணை நிரப்பித் தோளில் தூக்கினான். பாத்திக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

"எங்கருந்து கொட்டுறது?"

"மேலருந்து," என்றாள் சிந்துஜா. "அப்பிடித்தானே வந்துச்சி."

அவன் ஏறினான். முதல் கூடை சரிந்தது. வரிசை ஓரத்தில் ஒரு நாற்று பாதி புதைந்து சாய்ந்தது. சிந்துஜா சட்டென்று குனிந்து அதை நிமிர்த்திவிட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, அடுத்த கூடைக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.