நாற்பதடி இருட்டு

1

இந்தக் கதை எனக்குத் தானாக உதிக்கவில்லை. அக்கா போனில் திட்டியதால் வந்தது.

"டேய், வீட்ல உக்காந்து என்னத்தக் கிழிக்கிற? கன்டெய்னர் பாக்கப் போறோம், கிளம்பி வா."

நாடகங்களுக்கு மேடை அலங்காரம் செய்து தருவது அக்காவின் தொழில். சாமான்களை வைத்திருந்த வாடகைக் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். சிம்மாசனம், மடக்கு மாடிப்படி, துணி நிலா, பாதிக் கப்பல் (மறுபாதி யார் கண்ணிலும் படாது என்பதால் அவள் அதைச் செய்யவே இல்லை) எல்லாம் மழையில் நனையாமல் இருக்க ஓர் இரும்புப் பெட்டி வேண்டும்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'கடல்களைக் கடந்து களைத்த இரும்பு, கரையில் ஒதுங்கி —' (அதற்குக் களைப்பெல்லாம் இல்லை. துருதான்.)

'நாற்பத்தெட்டு வயது வரை கல்யாணம் வேண்டாம் என்றிருந்த அவள் மனதிலும் ஒரு காலி —' (அக்கா படித்தால் உதை விழும்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். பழைய கப்பல் கன்டெய்னர்களை விற்கும் யார்டுக்குப் போனது நாங்கள் மூன்று பேர். மூன்றாமவர் அக்காவின் நாடகங்களுக்கு விளக்கு அமைப்பவர். ஊருக்கெல்லாம் 'லைட்டு', எனக்கு லைட்டு அண்ணன். மனைவியை இழந்து பல வருஷமாகத் தனியாக இருப்பவர். பேச்சைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார். வெளியூரில் இருக்கும் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று, அந்த மாதக் கடைசியில் அவளோடு போய் இருந்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அக்கா எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

(கொட்டகை போகிற கவலை என்று நினைத்தேன். மனித மனங்களை எழுதுகிறவனாம் நான்.)

3

"இருபதடி போதும்" என்றாள் அக்கா.

"நாப்பதடி பாருங்களேன்" என்றார் லைட்டு அண்ணன்.

"எதுக்கு? என் சாமானுக்கு இருபதே தாராளம்."

"இல்ல, கொஞ்சம் இடம் இருந்தா..."

"காத்தையா அடைச்சு வைக்கப் போறேன்?"

யார்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நான் எப்போதோ கேட்டிருக்க வேண்டியதைப் பட்டென்று கேட்டுவிட்டார். "ஏன் சார், மிச்ச இடத்துல என்னதான் வைப்பீங்க?"

லைட்டு அண்ணன் கதவின் ரப்பர் விளிம்பைத் தடவினார். துரு பட்ட விரலைப் பார்த்தார். "என் விளக்கு, ஒயரு, ஸ்டாண்டு எல்லாம்... ரெண்டும் ஒரே எடத்துல இருக்கட்டுமேன்னு."

"நீங்கதான் மக வீட்டுக்குப் போறீங்களே?" என்றாள் அக்கா.

"போகலாம்னுதான்..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான் பாதியில் விட்ட வாக்கியங்களெல்லாம் அதன் முன்னால் பிச்சை வாங்க வேண்டும்.

4

"ஓட்டை இருக்கான்னு பாக்கணும்னா உள்ள போய் நில்லுங்க. கதவச் சாத்துறேன். எங்க வெளிச்சம் தெரியுதோ அங்கதான் தண்ணி எறங்கும்" என்றார் யார்டுக்காரர்.

இருவரும் நாற்பதடிக்குள் ஏறினார்கள். நானும் காலை வைத்தேன்.

"நீ வெளியவே நில்லுடா!"

கதவுகள் சாத்தப்பட்டன. சற்று நேரம் கழித்துத் திறக்கப் போனால் தாழ்க்கம்பி நகரவில்லை. யார்டுக்காரர் தொங்கிப் பார்த்தார். நானும் தொங்கினேன். அவர் எண்ணெயும் சுத்தியலும் எடுத்துவர ஓடினார். வெயிலில் கொதிக்கும் தகரத்தில் காதை வைத்துச் சுட்டுக்கொண்டேன். குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு:

அ. அவர்: "உங்களப் பிரிஞ்சு எப்படி இருப்பேன்?" (வாய்ப்பே இல்லை. அவருக்கு இது ஒரு மாதத்துக்கான பேச்சு.)

ஆ. அக்கா: "இருட்டாத்தானே இருக்கு, இப்பவாவது வாயத் தொறந்து தொலைங்க." (சத்தியமாக அக்காதான். ஆனால் அவர் என்ன சொன்னார்?)

இ. இருவரும் ஒன்றும் பேசாமல் ஓட்டை தேடினார்கள். (அப்படியானால் அந்தச் சிரிப்பு?)

ஆம், சிரிப்பு. முதலில் அக்கா. பின்னாலேயே, இத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத லைட்டு அண்ணனின் சிரிப்பு. பெட்டி முழுதும் கிண்கிணென்று அதிர்ந்தது. சுத்தியலோடு வந்த யார்டுக்காரர் காரணமே தெரியாமல் சிரிக்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து நான். ஆளுக்கொரு பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கதவு திறக்க இன்னும் தாமதமானது.

5

தலையெல்லாம் துருப்பொடியோடு இறங்கினார்கள்.

"என்னம்மா, ஓட்டை இருக்கா?"

அக்கா லைட்டு அண்ணனைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்தார்.

"அதப் பாக்க மறந்துட்டோம்" என்றாள் அக்கா.

"அப்ப மறுபடி சாத்தட்டுங்களா?"

"சாத்துங்க!"

இரண்டாம் முறை ஒழுங்காகத்தான் பார்த்தார்களாம். ஓட்டை இல்லை. அந்த நாற்பதடியையே எடுத்தார்கள். லைட்டு அண்ணன் அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார்.

"அங்க வரலம்மா. இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கன்டெய்னர் வாங்கிட்டோம்... ஆமா, 'டோம்'தான் சொன்னேன். 'டேன்' இல்ல."

மறுமுனையில் எழுந்த கூச்சலில் அவர் போனைக் காதிலிருந்து எட்டப் பிடித்தார். அழுகையா ஆனந்தமா என்று எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு புரிந்தது.

(இந்த இடத்தில் கதைக்கு இலக்கணச் சிக்கல். அக்காவின் கணவர் எனக்கு அண்ணனாக முடியாது. முதலிலிருந்து எல்லா 'அண்ணன்'களையும் 'அத்தான்' ஆக்க உட்கார்ந்தேன். சோம்பலாக இருந்தது. இங்கிருந்து மாற்றிக்கொள்கிறேன்.)

6

உள்ளே என்ன பேசினார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "எழுத்தாளன்தானே, நீயே எழுதிக்கோ" என்றாள். அத்தானைத் தனியாக மடக்கினேன். அவர் யோசித்தார், வாயைத் திறந்தார்.

"சொன்னீங்கன்னா தெரியும் சேதி!" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. அத்தான் வாயை மூடிக்கொண்டார்.

ஆகவே இரண்டு வரிகளைக் காலியாக விடுகிறேன்.

அவர்: ....................

அவள்: ....................

உங்களுக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அதைக் கேட்டு ஓர் இரும்புப் பெட்டியே அதிரும்படி இரண்டு பேரும் சிரிக்க வேண்டும்.