கடைசி நாற்காலிக்காரர்

1

டிங்... டிங்... டிங்...

கப்பல் முழுக்க மணி கேட்டது. சிங்கப்பூர்க் கடல் எல்லை தாண்டியாகிவிட்டது, ஏழாம் தளத்தில் கேசினோ திறந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் குழைந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பாதித் தட்டு மீ கோரெங் நூடுல்ஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார் கோ பூன் டெக். வயது எழுபது இருக்கும்.

நல்ல தொடக்கம்தானே? வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதியே பிழைப்பவள் நான். முதல் வரியில் ஏதாவது அடிக்க வேண்டும், அல்லது உடைய வேண்டும், அல்லது யாராவது வந்து நிற்க வேண்டும். பழகிப்போன வித்தை. இதில் மணி அடித்தது உண்மை. பாதித் தட்டு உண்மை. மீ கோரெங்கூட உண்மைதான். கோ பூன் டெக் மட்டும் பொய்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். "நீங்க சிங்கப்பூர்லதானே இருக்கீங்க. உல்லாசக் கப்பல், சூதாட்டம், கொஞ்சம் காதல். ஒரே இதழ்ல முடியணும்" என்றார். அப்படி ஒரு கப்பலிலிருந்து நான் இறங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வெட்கம் வந்து சேர்வதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

2

முதல் பிரதியில் கோ பூன் டெக்கை நன்றாகவே செய்திருந்தேன். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். சட்டைப்பையில் தைலப் புட்டி. சிரித்தால் ஒரு தங்கப் பல். கணவர் அருள்வேல் படித்துப் பார்த்தார். ஏன் ஒரு சீனக் கிழவர் என்று கேட்டார். கேசினோவில் உட்கார வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்றேன்.

"உங்கப்பாவும் பொருத்தமாத்தான் உக்காந்திருந்தாரு" என்று சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

(எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் ஆர்க்கிட் வளர்க்கிறார். சீட்டுக்கட்டைத் தொட்டே பார்க்காதவர். தங்கப் பல் அவருடையது. என் வீட்டு அழுக்கைத் துடைத்து அவர் தலையில் வைத்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால் ஒரே மின்தூக்கியில் எப்படி ஏறுவேன் என்று தெரியவில்லை.)

ஆகவே கோ பூன் டெக்கை அடித்துவிடுகிறேன். அந்த இடத்தில்: மாசிலாமணி. குளிர்சாதனப் பெட்டிகள் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஈசூனில் எங்களோடு இருக்கிறார். என் அப்பா.

3

அப்பா நல்ல மனிதர், ஆனால்

(வேண்டாம். 'ஆனால்' வந்தபிறகு எதை எழுதினாலும் மனு மாதிரி இருக்கிறது.)

அப்பா ஒரு சூதாடி, ஆனால்

(இதுவும் அதே மனுதான். விலாசம்தான் வேறு.)

அப்பாவுக்கு முட்டி வலி.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் முடிக்க முடிகிறது. மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வளர்ந்த வீடு சீட்டாட்டத்தில் போயிற்று. அம்மா மலேசியாவுக்கு, ஈப்போவில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. கரையில் இருக்கிற கேசினோக்களுக்குள் தன்னை விடக்கூடாது என்று அப்பாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இனி சீட்டைத் தொட மாட்டேன் என்று என்னிடம் சொன்னார். அவர் தொடவில்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அம்மாவிடமும் தொலைபேசியில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மனம் இளகத் தொடங்கியிருந்தது. தீபாவளிக்கு வரலாமா என்று ஒருநாள் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பேரங்காடிக் குலுக்கலில் கப்பல் பயணம் விழுந்திருக்கிறது என்று அப்பா வந்து சொன்னார். அறை இலவசம், சாப்பாடு இலவசம். நானும் அவரும் மட்டும் போனோம்.*

* தங்களிடம் ஒழுங்காகத் தோற்கிறவர்களுக்குக் கப்பல்காரர்கள் இலவசமாக அறை கொடுத்துக் கூப்பிடுவது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததா, இல்லை கடலைப் பார்த்த பால்கனி அறை பிடித்துப்போயிருந்ததா? அருள்வேல் இன்னும் இதைக் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

4

மணி அடித்ததும் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அப்பா திரும்பவில்லை. தட்டில் மீ கோரெங் ஆறிப்போயிற்று. தேடிக்கொண்டு ஏழாம் தளத்துக்குப் போனேன்.

பிளாக்ஜாக் மேசையின் கடைசி நாற்காலியில் இருந்தார். சீட்டு போடுகிறவள் பிலிப்பீன்ஸ்காரி. மாரிவிக் என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்தது. சீட்டைக் கலைத்தபடியே அவரிடம் கேட்டாள்.

"அங்கிள், முட்டி எப்படி இருக்கு? போன தடவை குடுத்த பட்டையைப் போட்டுக்கறீங்களா, இல்லையா?"

குலுக்கல் எதுவும் நடக்கவில்லை என்று அந்தக் கேள்வியில் எனக்குப் புரிந்தது. அப்பாவிடம் நான் கடைசியாக முட்டியைப் பற்றிக் கேட்டது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அந்த இடத்தில் "அப்பா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். போடவில்லை. கூட்டத்தோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், எளிதுதான். சீட்டுகளின் எண்ணிக்கை இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் போக வேண்டும். தாண்டினால் அங்கேயே தோல்வி. போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். எல்லாரும் ஆடி முடித்த பிறகு கப்பலுக்காகச் சீட்டு எடுப்பாள் மாரிவிக். பதினேழு வரும்வரை அவள் எடுத்தே ஆக வேண்டும். எடுத்து எடுத்து அவள் தாண்டிவிட்டால், தாண்டாமல் நின்றவர்களுக்கெல்லாம் பணம். அவளுக்கு முன்னால் கடைசியாகச் சீட்டு கேட்பவர் கடைசி நாற்காலிக்காரர். அவர் எடுக்கிற சீட்டு அவளுக்குப் போகாது, அவர் விடுகிற சீட்டு போகும். அதனால் மேசையின் தலையெழுத்தே அவர் விரலில் இருப்பதாக எல்லாரும் நம்புகிறார்கள்.

நாற்காலி கிடைக்காதவர்கள் பின்னால் நின்று, உட்கார்ந்திருப்பவரின் சிப்புக்குப் பின்னால் தங்கள் சிப்பை வைக்கலாம். அவர் ஜெயித்தால் ஜெயம், தோற்றால் தோல்வி. உட்கார்ந்தவர் திரும்பி யார் என்று பார்ப்பதில்லை. பார்த்தால் ராசி போய்விடுமாம்.

அப்பா நன்றாக ஆடினார்.

இந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். வீட்டில் எந்த அலைவரிசை பார்ப்பது என்றுகூட எங்களைக் கேட்கிறவர். இங்கே ஒரு விரலால் மேசையைத் தட்டினால் சீட்டு வந்தது, உள்ளங்கையை அசைத்தால் நின்றது. அவர் கட்டத்தில் மட்டும் பின்னாலிருந்து சிப்புகள் குவிந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த மேடம் சியூ, பச்சைக்கல் வளையல் போட்ட பெண்மணி, "மாசி, நீ அங்க உக்காந்தாத்தான் எனக்கு மூச்சே வருது" என்றாள். என் அப்பாவை யாரோ ஒருத்தி மாசி என்று கூப்பிடுகிறாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. கோபம் வந்தது என்றுதான் பிரதியில் இருந்தது. திருத்திவிட்டேன்.

5

கதாநாயகி இங்கே பாய்ந்து சிப்புகளைத் தட்டிவிட வேண்டும் என்பார் ஆசிரியர். படம் போட வசதி.

நடந்தது வேறு. நான் பணம் மாற்றும் சன்னலுக்குப் போனேன். கைப்பையில் இருந்ததைக் கொடுத்துச் சிப்புகள் வாங்கினேன். திரும்பி வந்து, அப்பாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவருடைய சிப்புக்குப் பின்னால் என்னுடையதில் ஒன்றை வைத்தேன்.

அவரைப் புரிந்துகொள்வதற்காக.

அவரைச் சோதிப்பதற்காக.

போன வீட்டில் ஒரு செங்கல்லையாவது மீட்பதற்காக.

(மூன்றும் அழகாக இருக்கின்றன. மூன்றையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு ஆசையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

மணிக்கட்டு வரைக்கும்தான் என் கை அவர் கண்ணில் பட்டிருக்கும். அவர் திரும்பவில்லை. காதை மட்டும் ஒருமுறை சொறிந்துகொண்டார்.

6

மாரிவிக்கின் முன்னால் விழுந்தது ஆறு. மேசையே முகம் மலர்ந்தது. ஆறில் தொடங்கினால் அவள் தடுமாறித் தாண்டிவிட நிறைய வாய்ப்பு உண்டு. எல்லாரும் போதும் போதும் என்று நிறுத்திக்கொண்டே வந்தார்கள். அப்பாவிடம் ஒரு பத்து, ஒரு எட்டு. பதினெட்டு. இதற்கு மேல் யாரும் எடுக்க மாட்டார்கள். மேடம் சியூ வரப்போகிற பணத்துக்கு இடம் ஒதுக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்பா விரலால் மேசையைத் தட்டினார்.

மாரிவிக் சீட்டு போடவில்லை. "அங்கிள், பதினெட்டு இருக்கு" என்றாள்.

மறுபடியும் தட்டினார்.

ராஜா விழுந்தது, அதற்குப் பத்து. இருபத்தெட்டு. அவர் சிப்பையும் என் சிப்பையும் பின்னால் குவிந்திருந்த எல்லாவற்றையும் மாரிவிக் வழித்தெடுத்தாள். பிறகு தனக்கு எடுத்தாள். ஒரு பத்து, பதினாறாயிற்று. அடுத்தது ஐந்து. இருபத்தொன்று. மேசை மொத்தமும் போயிற்று.

மேடம் சியூ அப்பா பக்கம் திரும்பினாள். "கிழவா, உனக்கு என்ன கேடு? அந்த ராஜா அவகிட்ட போயிருந்தா அடுத்த பத்துல அவ செத்திருப்பா. பச்சப்புள்ளகூட பதினெட்டுல எடுக்காது." பின்னாலிருந்த ஒருவர், கண் தெரியாதவர்களை ஏன் உட்கார வைக்கிறீர்கள் என்று மாரிவிக்கிடம் கேட்டார். இன்னொருவர் மலாயில் திட்டினார். அப்பா ஒவ்வொருவர் பக்கமாகவும் தலையைக் குனிந்து சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நானும் ச்சே என்றேன். உரக்கவே. என் முதல் சிப் போன எரிச்சல்.

7

முடிவுகள் கைவசம் உள்ளன.

அப்பா மனம் திருந்தி, கப்பல் மேல்தளத்தில் கடலைப் பார்த்து அழுகிறார். அம்மா தீபாவளிக்கு வந்துவிடுகிறாள். இது ஆசிரியருக்குப் பிடிக்கும்.

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்கிறார். இந்த வித்தையில் எத்தனையோ அப்பாக்களைச் சாய்த்திருக்கிறேன். இவரைச் சாய்க்கக் கை வரவில்லை. பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்து இப்போது செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது முடிவு என் கையில் மீதமிருந்த சிப்புகளைப் பற்றியது. அவற்றைச் சன்னலில் கொடுத்துப் பணமாக மாற்றினேன் என்று ஒரு பிரதி. கடலில் எறிந்தேன் என்று ஒன்று. அப்பா எழுந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன் என்று ஒன்று. மூன்றையும் படித்த அருள்வேலுக்கு எது நிஜம் என்று சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் நான் என்ன சொன்னேன் என்பதும் அப்படித்தான். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

மாற்றி எழுத முடியாத ஒன்றே ஒன்று இருக்கிறது. அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மெதுவாக நீட்டி எழுந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது, மரியாதையால் அல்ல. என் பக்கத்தில் வந்து நின்றார். என்னை அங்கே பார்த்ததில் அவருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. அதைக் கவனிக்கிற நிலையில் நானும் இல்லை. பதினெட்டை வைத்துக்கொண்டு யாராவது சீட்டு எடுப்பார்களா என்று, மேடம் சியூவின் குரலிலேயே, அவரைக் கேட்டேன்.

என் கையில் இருந்த மிச்சச் சிப்புகளைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"வாழ்க்கையில முதல் தடவை பணம் வச்சப்ப நான் ஜெயிச்சேன்மா."